இன்னும் இரண்டு மாதத்தில்

கொட்டாஞ்சேனையில் பதின்மூன்று என்றால் தபால் இலக்கம். உறையில் கொழும்பு 13 என்று எழுதி முத்திரை ஒட்டினால், ஜம்பட்டா வீதியின் எந்தச் சந்துக்குள் வீடிருந்தாலும் கடிதம் வந்து சேரும். பிந்தி வரும், நனைந்து வரும், ஆனால் வரும். அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் 1987 நவம்பர் 14-ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டு அனுப்பிய கடிதம். அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வழியில் பலர் பிரித்து வாசித்துவிட்டார்கள். காணி என்று எழுதிய பக்கமும் பொலிஸ் என்று எழுதிய பக்கமும் கழன்று விழுந்துவிட்டன. 2019-க்குப் பிறகு உள்ளே ஒன்றுமே இல்லை. புதுடில்லிக்குப் போகிற ஒவ்வொரு ஜனாதிபதியும் அந்த வெற்று உறையைத்தான் கோட் பைக்குள் வைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறார்.

விளங்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். (விளங்கவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம், எழுதியவர்கள் அப்படித்தான் விரும்பினார்கள்.) அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள் உண்டு. முதலாவதில் மாகாண சபை சட்டம் செய்யக்கூடிய விடயங்கள், 37 தலைப்புகள். இரண்டாவதில் பாராளுமன்றம் மட்டும் தொடக்கூடியவை. மூன்றாவது இரண்டு பேருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல், 36 தலைப்புகள். நியாயமான பங்கீடு மாதிரித்தான் இருக்கும், இரண்டாவது நிரலின் தொடக்கத்தைப் படிக்கும்வரை. அங்கே இருக்கிறது: எல்லா விடயங்களிலும் அலுவல்களிலும் தேசியக் கொள்கை. அதாவது முதலாம் நிரலில் கொடுத்த 37-க்கும் கொள்கை வகுப்பது கொழும்பு. பாடசாலை மாகாணத்துக்கு. வாசலில் தேசிய பாடசாலை என்று பலகை மாட்டினால் அன்றைக்கே அது மத்திய கல்வி அமைச்சுக்கு. வீதி மாகாணத்துக்கு. பெரிய வீதி என்றால் மத்திக்கு. அந்த ஒரு வரியை எழுதிய சட்ட வரைஞருக்குக் காலிமுகத்திடலில் சிலை வைக்க வேண்டும். படை நடத்தியவர்களுக்கெல்லாம் வைத்தாகிவிட்டது. பேனாவால் ஒரு வரியில் 37-ஐயும் திருப்பிப் பிடித்த மனிதரை நாடு மறந்துவிட்டது.

திருத்தம் பிறந்த கதையும் ஒரு நூலில் தொங்கிய கதைதான். உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர்கள் இருந்து கேட்டார்கள். சர்வஜன வாக்கெடுப்புத் தேவையில்லை என்றவர்கள் நாலு பேர், தேவை என்றவர்கள் நாலு பேர். மிஞ்சிய ஒருவர் இரண்டு வாசகங்களைத் திருத்தினால் போதும் என்றார். அந்த ஒருவரின் பேனாவில் ஒன்பது மாகாணங்களுக்கும் சட்டமன்றம் வந்தது. 1987 ஜூலை 29-ஆம் திகதி ஊரடங்குக்குள் கொழும்பில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் எழுதிய ஒப்பந்தம்தான் இந்தத் திருத்தத்துக்கு வித்து. அடுத்த நாள் அணிவகுப்பு மரியாதையில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிப் பிடியால் ராஜீவை அடித்தார். விருந்தாளிக்கு நாடு சொன்ன பதிலில் அதுதான் ஒளிவுமறைவில்லாதது. மற்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு அடித்தவர்கள்.

அதற்கு முந்திய கதைகளைச் சுருக்கிவிடலாம், எல்லாம் ஒரே கதைதான். 1957 ஜூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் பிக்குகள் பண்டாரநாயக்கவின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போய்விட்டது. 1965-இல் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம். அதைக் கிழிக்க ஒருவரும் வீட்டுக்கு வரவேண்டியிருக்கவில்லை, தானாகவே செத்தது. 1981 ஜூன் 4-ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முந்திய இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதிகாரம் பரவலாக்குகிற வேகத்தில் நெருப்பு முந்திக்கொண்டது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். மாகாண சபை கேட்டவர்கள் வடக்கும் கிழக்கும். வேண்டாம் என்று வீதியில் டயர் எரித்தவர்கள் தெற்கு. 1988 ஏப்ரலில் முதல் தேர்தல் வடமேல், வடமத்தி, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் நடந்தது. ஜூனில் மத்திய, மேல், தென் மாகாணங்களில். கேட்டவனை வரிசையில் கடைசியில் நிறுத்திவிட்டு, வேண்டாம் என்றவனுக்கு முதலில் இலை போட்டார்கள். வட மாகாணம் தனக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தது 2013 செப்டெம்பர் 21-ஆம் திகதி. நடுவில் 1988 கடைசியிலிருந்து 1990 வரை இணைந்த வடகிழக்குக்கு ஒரு சபை திருகோணமலையில் நடந்தது. இந்திய அமைதிப் படையின் நிழலில் முதலமைச்சரான வரதராஜப் பெருமாள், அந்தப் படை மூட்டை கட்டுகிற நேரத்தில், 1990 மார்ச் 1-ஆம் திகதி ஈழப் பிரகடனம் செய்துவிட்டு இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆக 1987-இலிருந்து எண்ணினால், வடக்கில் மக்கள் தெரிந்தெடுத்த சபை இருந்த காலம் ஏழு வருடம்கூடத் தேறாது. மிச்சம் முழுவதும் ஆளுநர்.

வடக்கும் கிழக்கும் இணைந்தது தற்காலிகம். ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருந்தது: 1988 டிசம்பர் 31-க்கு முன் கிழக்கில் வாக்கெடுப்பு வைத்து, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று கேட்பது. ஜயவர்தன 1988 செப்டெம்பரில் பிரகடனம் செய்து இரண்டையும் இணைத்தார். வாக்கெடுப்பை ஒத்திவைத்தார்கள். பிறகும் ஒத்திவைத்தார்கள். வருடம் தவறாமல் வர்த்தமானியில் வந்தது. ஜனாதிபதிகள் மாறினார்கள், கட்சிகள் மாறின, தலைநகரில் குண்டுகள் வெடித்தன, சுனாமி வந்தது. ஒத்திவைப்பு அறிவித்தல் மட்டும் ஒழுங்காக வந்தது. அரச கந்தோரில் வேலை நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

2006 ஒக்டோபர் 16-ஆம் திகதி உயர் நீதிமன்றம் விழித்துக்கொண்டது. இணைப்புக்கு இருந்த நிபந்தனையை ஜயவர்தன அவசரகால விதியைப் பயன்படுத்தித் திருத்திவிட்டாராம், அப்படிச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லையாம், ஆகவே 18 வருடமாக இருந்த இணைப்பு முதல் நாளிலிருந்தே செல்லாதாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றால் சட்டம் அப்படித்தான், நான் வாதாட வரவில்லை. 1983-இலிருந்து 2011 வரை, இடையில் சில ஓய்வுகள் தவிர, இந்த நாடே அவசரகால விதியில்தான் ஓடியது. மாதம் ஒருமுறை பாராளுமன்றம் கூடிக் கைதூக்கி நீடித்தது. அந்த விதிகளால் உள்ளே போனவர்கள், வெளியே வராதவர்கள், வீடு வளவு இழந்தவர்கள் எத்தனை பேர்! அவசரகால விதியின் வரம்பைத் தேடிக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது கடைசியில் அகப்பட்டது தமிழனுக்குக் கிடைத்த ஒன்றைப் பறிக்கிற இடத்தில்தான். 2007 ஜனவரி 1-ஆம் திகதி வடக்கும் கிழக்கும் தனித்தனியாகக் கண் விழித்தன.

அதே வருடம் ஜூன் 7-ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ் கதவுகளைப் பொலிஸ் தட்டியது. காலி வீதிப் பக்கத்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் யார்? கடவுச்சீட்டு எடுக்க வந்தவர்கள். கண் ஒப்பரேஷனுக்கு அம்மாவைக் கூட்டி வந்தவர்கள். தூதரக நேர்முகத்துக்குத் திகதி கிடைத்தவர்கள். ஏஜென்சிக்காரனுக்குக் காசைக் கட்டிவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இருந்த பெடியள். எல்லாரும் கொழும்புக்கு வந்தது ஏன்? கடவுச்சீட்டும் தூதரகமும் பெரிய ஆஸ்பத்திரியும் வவுனியாவிலா இருந்தன? எல்லாவற்றையும் ஒரு நகரத்துக்குள் குவித்து வைத்துக்கொண்டு, ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்களாம். 376 பேர், அதில் 85 பெண்கள். பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டால் பதில் கிடையாது. ஒன்பதாம் அட்டவணையின் எந்த நிரலிலும் இல்லாத அதிகாரம் அது. மாகாண சபை ஒரு நியதிச் சட்டம் செய்ய வேண்டுமென்றால் ஆளுநர் சம்மதிக்க வேண்டும், ஆளுநருக்குப் பிடிக்காவிட்டால் ஜனாதிபதிக்கு, அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு. குடிமக்களைத் தலைநகரிலிருந்து நாடுகடத்துகிற சட்டத்துக்கு ஏழெட்டு பஸ்ஸும் டீசலும் போதும்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவு கொடுத்தது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், பிரதமர் வருத்தம் தெரிவித்தார். இந்த நாட்டில் தமிழருக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே தற்காலிகம் அந்தத் தடை உத்தரவுதான்.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன மிச்சம்? பொலிஸ் பதிவு. அந்தக் காலத்து வெள்ளவத்தை மாடி வீடு எதற்குள் போனாலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கும். உள்ளே வீட்டிலுள்ளவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த ஊர், ஏன் இங்கே, கீழே நிலையத்து முத்திரை. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து ரெண்டு நாள் நிற்கிறா என்றால் மாமியையும் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். படிவம் சிங்களத்தில், அதனால் கீழ் வீட்டுச் சிங்களப் பெடியனைக் கூப்பிட்டு நிரப்ப வேண்டும். அவனும் பாவம், சங்கடத்தில் நெளிந்துகொண்டு "ஏன் வந்தவா என்று என்ன போட, அன்ட்டி?" என்று கேட்பான். சாமி படத்துக்கு விளக்கு ஏற்ற மறந்த வீடு இருந்தது. அந்த உறையை ஆணியில் மாட்ட மறந்த வீடு இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987-லேயே அதே திருத்தம் சொல்லியிருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் பதிந்து வைக்கிறேன், முத்திரை இல்லாமல்.

பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு என்று முதலாம் நிரலின் முதல் தலைப்பிலேயே இருக்கிறது. எந்த ஜனாதிபதியும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் ஆபத்து என்பார்கள். யாருக்கு ஆபத்து என்பதை அந்த ஜூன் மாதத்து லொட்ஜ்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

காணியும் அப்படித்தான். 2013 செப்டெம்பர் 21-ஆம் திகதி வட மாகாணத் தேர்தல், 38 ஆசனத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 30. முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரன் முதலமைச்சர். சனம் வெடி கொளுத்தியது. 26-ஆம் திகதி, வெடியின் காகிதத்தைக் கூட்டித் தள்ள முன்னமே, உயர் நீதிமன்றம் ஒரு தோட்டக் காணி வழக்கில் தீர்ப்புச் சொன்னது: அரச காணி மத்திய அரசுக்கு. முதலமைச்சர் பதவிப் பிரமாணம் எடுக்கக்கூட இல்லை, காலுக்குக் கீழே இருந்த நிலம் சட்டப்படி போய்விட்டது. ஐந்து வருடமும் சபை நூற்றுக்கணக்கில் தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்கு ஆளுநர் சம்மதம் தேவையில்லை, நியதிச் சட்டத்துக்குத்தான் தேவை. ஆகவே எது கூட விளைந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய ஆட்களும் சும்மா இல்லை. கிடைத்த ஐந்து வருடத்தில் பாதியை ஒருவரை ஒருவர் விசாரணைக் குழு வைத்துத் துரத்துவதிலேயே கழித்தார்கள். கொடுக்காத அதிகாரத்துக்காக அழுத கண்ணுக்கு, கையிலிருந்த அதிகாரம் தெரியவில்லை.

ஆளுநர் என்று சொன்னேன். இந்தக் கதையின் நாயகன் அவர்தான். ஜனாதிபதி நியமிப்பார், ஜனாதிபதி விலக்குவார், யாரும் அவருக்கு வாக்குப் போடத் தேவையில்லை. 2012-இல் திவிநெகும (வாழ்வின் எழுச்சி) சட்டமூலம் வந்தது. மாகாண சபை விடயங்களைத் தொடுகிறது, ஆகவே எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிச் சம்மதம் கேள் என்றது உயர் நீதிமன்றம். வடக்கில் அப்போது சபையே இல்லை. என்ன செய்வது? ஆளுநர் இருக்கிறாரே! ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி, வட மாகாண மக்கள் அனைவரின் சார்பிலும் சம்மதம் என்றார். பத்து லட்சம் சனத்துக்கு ஒரு கையெழுத்து. வாக்குச்சீட்டுச் செலவும் மிச்சம், விரலில் மையும் மிச்சம். அது செல்லாது என்றது பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவின் நீதிமன்றம். அதே நாட்களில் அவருக்கு எதிராகக் குற்றப்பிரேரணை வந்தது. குற்றச்சாட்டுகள் வேறு என்று சொன்னார்கள். 2013 ஜனவரி 8-ஆம் திகதி திவிநெகும நிறைவேறியது, 11-ஆம் திகதி குற்றப்பிரேரணை நிறைவேறியது, 13-ஆம் திகதி பிரதம நீதியரசர் வீட்டுக்குப் போனார். குற்றச்சாட்டுகளை நான் நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். கலண்டரைப் பார்த்தாலே போதும். 2015-இல் ஆட்சி மாறியதும் நீக்கியது செல்லாது என்று திருப்பிக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், மறுநாள் ஓய்வு பெற்றார். ஒரு நாள் பிரதம நீதியரசர். தற்காலிகம் என்பதை இதற்கு மேல் யாராலும் சுருக்க முடியாது.

நம்முடைய தரகர் இந்தியா இதில் நமக்கு ஆசிரியர். அவர்களுடைய அரசியலமைப்பில் 369-ஆம் உறுப்புரை என்று ஒன்று இருந்தது: மாநிலங்களுக்குரிய சில விடயங்களில், பருத்தி, உணவுப் பொருள், கால்நடைத் தீவனம் போன்றவற்றில், ஐந்து வருடத்துக்கு மட்டும் பாராளுமன்றம் சட்டம் செய்யலாம். ஐந்தே வருடம், பஞ்ச காலம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் முடிகிற நேரத்தில் 1954-ஆம் ஆண்டின் மூன்றாவது திருத்தத்தைக் கொண்டுவந்து முக்கியமானவற்றைப் பொதுப் பட்டியலில் நிரந்தரமாகக் குடியேற்றிவிட்டார்கள். பக்கத்து உறுப்புரை 370, காஷ்மீருக்கு, அதுவும் தற்காலிகம் என்ற தலைப்பில் இருந்தது. அது மட்டும் உண்மையிலேயே தற்காலிகமாகிவிட்டது. 2019 ஓகஸ்டில், சட்டசபை கலைந்து கிடந்த நேரத்தில், மாநிலத்தின் சம்மதம் என்று காட்டப்பட்டது ஆளுநரின் சம்மதம். யாழ்ப்பாணத்தில் 2012-இல் ஒத்திகை பார்த்த நாடகம் ஸ்ரீநகரில் அரங்கேறியது என்று சொல்லிப் பெருமைப்படலாமா என்று யோசிக்கிறேன். இந்த டில்லியிடம்தான் நம்முடைய கட்சிகள் வருடம் தவறாமல் மனுக் கொடுக்கின்றன, பதின்மூன்றை முழுமையாக நடைமுறைப்படுத்தச் சொல்லுங்கள் என்று.

1979-இல் நம்முடைய பாராளுமன்றமும் ஒரு சட்டம் செய்தது. 48-ஆம் இலக்கம், பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். மூன்று வருடத்துக்கு மட்டும் என்று சொன்னார்கள். 1982-இல் அந்த மூன்று வருடத்தைத் தூக்கி எறிந்தார்கள், தலைப்பிலிருந்த தற்காலிகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அது இருந்த காலத்தில் பிறந்த பிள்ளை வளர்ந்து, அதே சட்டத்தில் பிடிபட்டு, விடுதலையாகி, தன் பிள்ளைக்குக் கலியாணமும் செய்து வைத்திருக்கும். ஆகவே இந்தத் தீவில் எழுதாத விதி இதுதான்: கொழும்பு எடுக்கும்போது தற்காலிகம் என்று சொல்லி எடுக்கும், அது திரும்பாது. கொடுக்கும்போது அரசியலமைப்பிலேயே எழுதிக் கொடுக்கும், அது கையில் தங்காது.

புலிகளையும் விட்டுவிட முடியாது. அவர்களுக்கும் தற்காலிகம் பிடிக்கும். 2003 ஒக்டோபர் 31-ஆம் திகதி கொடுத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை யோசனையில், பெரும்பான்மை உறுப்பினரை அவர்களே நியமிப்பார்கள், இறுதித் தீர்வு வராவிட்டால் ஐந்து வருடம் கழித்துத் தேர்தல். வாக்காளரை ஐந்து வருடம் வாசலில் நிற்க வைப்பதில் கொழும்புக்கும் வன்னிக்கும் கொள்கை வேறுபாடு இருக்கவில்லை. நாலு நாளில் ஜனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுகளைப் பறித்துக்கொண்டதில் அந்த யோசனை பரிசோதனைக்கே வராமல் தப்பியது.

இதெல்லாம் வடக்குக் கிழக்குக் கதை, கொழும்பில் இருக்கிற எங்களுக்கு என்ன என்று கேட்கிற வெள்ளவத்தைக்காரர் உண்டு. அவரிடம் கேளுங்கள்: அண்ணை, டொரொன்டோ மகன் அனுப்பின காசில் வாங்கின அந்த மூன்றறை ஃபிளாட்டுக்கு உறுதி முடிக்கும்போது முத்திரைத் தீர்வை கட்டினீர்களே, நூற்றுக்கு நாலு, ரெண்டு கோடிக்கு எட்டு லட்சம், அது யாருக்குப் போனது? மேல் மாகாணத்துக்கு. காருக்கு வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம்? அதுவும் மாகாணத்துக்கு. அந்த மாகாணத்துக்கு 2019 ஏப்ரலுக்குப் பிறகு சபை இல்லை. வரி கேட்க ஆள் உண்டு, வரிக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. ஆளுநர் கையொப்பமிடுகிறார், செயலாளர்கள் செலவழிக்கிறார்கள். தமிழனுக்கு வைத்த ஆப்பில் இப்போது கம்பஹாவும் களுத்துறையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒற்றையாட்சி என்பது இதுதான் போலும்.

அந்த மேல் மாகாண சபை தன் கடைசிக் காலத்தில் ஒரு பெரிய காரியம் செய்யப் பார்த்தது. 2018-இல் புதுக் கட்டடத்துக்கு நாற்காலி வாங்கப் போனார்கள். ஒன்றின் விலை 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபா என்று பத்திரிகைகளில் வந்தது. மொத்தம் 125 நாற்காலி. கணக்குப் போட்டால் 8 கோடி. கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டின் பல வருட வாடகை, ஒரு உறுப்பினரின் இடுப்புக்கு. சனம் கொதித்தது, ஆளுநர் நிறுத்தினார். (பார்த்தீர்களா, ஆளுநருக்கு நல்ல வேலையும் வைத்துக் கொடுத்தது சபைதான்.) சில மாதத்தில் சபையின் காலமே முடிந்தது. நாற்காலியில் உட்கார ஆள் இல்லாமல் போனதில் அரசுக்கு மிச்சமான ஒரே தொகை அது.

தேர்தல் ஏன் நடக்கவில்லை? கடைசி மாகாணத் தேர்தல் 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்தது. 2017 செப்டெம்பரில், 2015-இல் ஆட்சிக்கு வந்த நல்லாட்சிக்காரர்கள் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு இடம் கூட்டுகிறோம் என்று வந்த சட்டமூலம் குழுநிலையில் உருமாறித் தொகுதி முறைச் சட்டமாக வெளியே வந்தது. கை தூக்கியவர்களில் தமிழ்க் கூட்டமைப்பும் உண்டு. தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு உழைத்து அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்பு: எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சபையில் வைத்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். தான் பெற்ற பிள்ளையைத் தானே அடையாளம் தெரியாது என்று சொன்ன தகப்பனைப் பார்த்து மற்ற 138 பேரும் கண்ணீர் விடாமல் கைதூக்கினார்கள். அதற்குப் பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்தில் அறிக்கை என்றார்கள். பிரதமர் போனார், இன்னொருவர் வந்தார், ஜனாதிபதி ஒருவர் விமானத்தில் தப்பி ஓடினார், நாடு வங்குரோத்தானது. இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

காலி வீதிச் சைவக் கடையில் காதில் விழுந்தது.

"அண்ணை, மாகாண சபை எலெக்சன் வரப்போகுதாம்."

"முதல் நான் சொன்ன பிளேன்டீ வரட்டும், தம்பி."

இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் புதியவர்கள், பழையதைக் கூட்டித் துடைக்க வந்தவர்கள். அவர்களின் பழையதையும் கொஞ்சம் பார்க்கலாம். 1987-இல் மாகாண சபை நாட்டைப் பிரிக்கும் என்று ஆயுதம் எடுத்தது ஜே.வி.பி. முதல் மாகாணத் தேர்தலில் நின்றவர்கள், ஒப்பந்தத்தை ஆதரித்தவர்கள் செத்தார்கள். பிறகு அதே சபைகளில் ஜே.வி.பி. உறுப்பினர்கள் அமர்ந்து படியும் எடுத்தார்கள். 2006-இல் வடகிழக்கு இணைப்புக்கு எதிரான வழக்கும் அவர்கள் முகாமிலிருந்து போனதுதான். 2024-இல் தேசிய மக்கள் சக்தியாக வந்து, ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று கொள்கைப் பிரகடனத்தில் எழுதினார்கள். யாழ்ப்பாணமும் நம்பியது, மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றைக் கொடுத்தது. வருடம் வந்து போய்விட்டது. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் வைத்தார்கள், அதற்கு எல்லை தடுக்கவில்லை. மாகாணத் தேர்தல் என்றதும் எல்லைப் பிரச்சினை, சட்டப் பிரச்சினை, புதிய அரசியலமைப்பு வரப்போகிறது, அதற்குள் அவசரம் ஏன்? முப்பத்தெட்டு வருடம் காத்திருந்தவனைப் பார்த்து அவசரப்படாதே என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது அவர்களிடம் தாராளமாக இருக்கிறது.

சட்டப் பிரச்சினை எவ்வளவு பெரியது? 2017-இல் மாற்றியதை மாற்றிப் பழைய விகிதாசார முறைக்குப் போனால் எல்லை நிர்ணயமே தேவையில்லை. கூட்டமைப்பு எம்.பி.யாக இருந்தபோது சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார், 2017-இல் அவருடைய கட்சி தூக்கிய கைக்குப் பரிகாரமாக. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வேலை, தேநீர் இடைவேளையோடு. சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு வேண்டும் என்று யாராவது சட்டம் பேசினாலும் 225-இல் 150 போதும். அரசாங்கத்திடம் இருப்பது 159. ஒன்பது பேர் சுகயீன விடுமுறை எடுத்தாலும் நிறைவேறும்.